கூடப் பாடினால்தான் பாய் ஏறும்: பீட் சீகரும் ஹட்சன் ஆறும்

பள்ளிக்கூடத்தில் 'ஹம் ஹோங்கே காம்யாப்' பாடி வளர்ந்தவர்களுக்கு அமெரிக்க நாட்டார் பாடகர் பீட் சீகரின் பெயர் தெரியாமல் இருக்கலாம். அவர் ஊர் ஊராகக் கொண்டுபோன பாட்டு நிச்சயம் தெரியும். அந்த இந்திப் பாட்டுக்கு மூலமான 'வீ ஷல் ஓவர்கம்' அவர் எழுதியதல்ல. அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களிலும் தொழிலாளர் போராட்டங்களிலும் பாடப்பட்டு வந்தது. முதலில் 'வீ வில்' என்றுதான் இருந்தது. அதை 'வீ ஷல்' என்று மாற்றியது நானாக இருக்கலாம், இல்லையென்றால் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியையாக இருக்கலாம் என்று சீகர் சொல்வார். காரணம் இலக்கணம் இல்லை. 'ஷல்' என்றால் வாய் அகலத் திறக்கிறது, நூறு பேர் சேர்ந்து பாடும்போது ஒலி நன்றாக விரிகிறது.

அவருடைய வேலை முறை முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது. பாட்டில் பாதியைத் தான் செய்வார், மீதியைக் கூட்டத்திடம் விட்டுவிடுவார். பின்னாளில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றுக்காக ஒரு பாய்மரக் கப்பல் கட்டியபோதும் இதையேதான் செய்தார். சுற்றுச்சூழலுக்காகப் பாடிய பாடகர்கள் பலர் உண்டு. பாட்டிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து அமைப்பு, அமைப்பிலிருந்து சட்டம் என்று ஒரு சங்கிலியைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனவர் இவரைப்போல் இன்னொருவர் இல்லை என்பேன்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1919 மே 3 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அப்பா இசை ஆய்வாளர், அம்மா வயலின் கலைஞர். 1936-இல் வட கரோலினாவின் ஆஷ்வில் ஊரில் நடந்த நாட்டார் இசை விழாவில் ஐந்து தந்தி பாஞ்சோ என்ற, தோல் கட்டிய தந்திக் கருவியைக் கேட்டார். அதன்பிறகு வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை, ஹார்வர்ட் படிப்பைப் பாதியில் விட்டார். 1943-இல் டோஷி ஓட்டாவை மணந்தார். 1950-இல் அவர் இருந்த 'வீவர்ஸ்' குழுவின் 'குட்நைட் ஐரீன்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்து வந்தது கம்யூனிஸ்ட் வேட்டை. 1955 ஆகஸ்ட் 18 அன்று நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் நின்றார். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கும் உரிமையைச் சொல்லித் தப்பிக்கவில்லை. என் நம்பிக்கைகளைக் கேட்க உங்களுக்கு உரிமையே இல்லை என்று மறுத்தார். 1961-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள், 1962-இல் மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானது. ஆனாலும் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் கதவு 1967 வரை திறக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த மேடைகள் பள்ளிகள், கல்லூரிகள், கோடை முகாம்கள், தேவாலயக் கூடங்கள். ஒலிபெருக்கி சரியாக இருக்காது. கேட்பவர்களில் பாதிப் பேர் குழந்தைகள். தனியாக நின்று ஒரு கூட்டத்தை எப்படிப் பாட வைப்பது என்ற தொழில்நுட்பம் அங்கேதான் தேறியது. இது பின்னாளில் எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கருவி. வழக்கமான பாஞ்சோவில் 22 மெட்டுக்கட்டைகள் இருக்கும். சீகர் தன் பாஞ்சோவின் கழுத்தை நீட்டி மேலும் மூன்று கட்டைகள் சேர்த்தார், மொத்தம் 25. இதனால் திறந்த தந்தியின் சுருதி மூன்று அரைச்சுரம் கீழே இறங்கி, ஜி-யிலிருந்து ஈ-க்கு வந்தது. பழகிய விரல் நிலைகளை மாற்றாமலே தாழ்ந்த சுருதியில் பாடலாம். மூன்றாவது கட்டையில் நீளத் தந்திகளை அழுத்தும் பிடிப்பான் போட்டால் பழைய பாஞ்சோ திரும்பக் கிடைத்துவிடும். வழக்கமாக ஐந்தாம் கட்டையில் தொடங்கும் குட்டித் தந்தி இதில் எட்டாம் கட்டையில் தொடங்கும். பிடிப்பானைப் போடுகிறவர்கள் அந்தக் குட்டித் தந்தியைத் தனியாகச் சுருதி கூட்ட மறந்துவிடுவார்கள், உடனே அபசுரம் தட்டும். கருவியை நீட்டிச் செய்பவர்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு. கழுத்து நீளநீளத் தந்தியின் இழுப்பில் மரம் வளையும். சீகர் தன் பாஞ்சோவின் கழுத்தை லிக்னம் வைட்டே என்ற, நீரில் மூழ்கும் அளவு கனமான மரத்தில் கடைந்தார்.

வலக்கையின் அடிப்படை அடி எளிமையானது. ஆள்காட்டி விரலால் ஒரு தந்தியை மேல்நோக்கிச் சுண்டுவது, அடுத்து விரல் நகத்தின் பின்புறத்தால் எல்லாத் தந்திகளையும் கீழ்நோக்கி வருடுவது, உடனே பெருவிரலால் குட்டித் தந்தியைத் தட்டுவது. ஒன்று, பிறகு இரண்டு அரைகள். 1948-இல் இதையெல்லாம் எழுதி, கையால் சுற்றும் நகல் இயந்திரத்தில் அச்சடித்து, ஒரு கையேடாகத் தானே விற்றார். அடுத்த தலைமுறைப் பாஞ்சோக்காரர்கள் பலருக்கு அதுதான் முதல் பாடம். தன் பாஞ்சோவின் தோலைச் சுற்றி, இந்தக் கருவி வெறுப்பைச் சூழ்ந்துகொண்டு சரணடைய வைக்கிறது என்று எழுதி வைத்திருந்தார். பாஞ்சோவின் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும், வயலின்போல் நீளாது. அந்த இடைவெளியில் மனிதக் குரல் புகுந்துகொள்ள இடம் கிடைக்கிறது.

அடுத்தது வரி எடுத்துக்கொடுப்பது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் கிடைக்கும் ஒன்றிரண்டு தாளத் தட்டில், அடுத்த வரியைப் பேசும் குரலில் வேகமாகச் சொல்லிவிடுவார். கூட்டம் அதை அப்படியே ராகத்தோடு பாடும். நம் பஜனையில் முன்பாட்டுக்காரர் முழு வரியையும் பாடி முடித்தபின் மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள், நேரம் இரட்டிப்பாகும். சீகரின் முறையில் பாட்டு நிற்பதே இல்லை. பார்க்க எளிது, செய்யும்போது தவறுவது எளிதிலும் எளிது. அரைத் தட்டு தாமதமாகச் சொன்னால் கூட்டம் பின்தங்கிக் குழறும். இரண்டு வரியைச் சேர்த்துச் சொன்னால் இரண்டாவது மறந்துபோகும். பாடும் குரலிலேயே சொன்னால் எது சொல்வது, எது பாடுவது என்று குழம்புவார்கள். பல்லவியை முதலில் கற்றுத்தராமல் சரணத்தில் தொடங்கினால், கூட்டம் கைகட்டிக் கேட்க ஆரம்பித்துவிடும். பிறகு அசைப்பது கடினம்.

மூன்றாவது, குரல்களை அடுக்குவது. கீழ்ச்சுரத்தில் நிற்கும் ஒரு வரியை ஆண்களுக்குக் கொடுத்து, அது உறுதியாகும்வரை அவர்களோடு நிற்பார். பிறகு அடுத்த குரலை ஏற்றுவார். கடைசியில் அவர்களைத் தனியே விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் மேலே தான் பறப்பார். அவர் பதிவுகளில் பாதி, கூட்டத்தின் குரல்தான். தனிக்குரல் இசைத்தட்டு என்று நினைத்து வாங்கியவர்கள் ஏமாந்திருக்கலாம், எனக்கு அவைதான் பிடிக்கும்.

1949-இல் அவரும் டோஷியும் நியூயார்க் நகருக்கு வடக்கே பீக்கன் ஊரில், ஹட்சனைப் பார்த்த மலைச்சரிவில் 17 ஏக்கர் வாங்கி, மரத்துண்டுகளை அடுக்கித் தாங்களே வீடு கட்டினார்கள். ஆறு அழகாகத் தெரிந்தது. கிட்டே போனால் சாக்கடை. 315 மைல் நீளமுள்ள ஹட்சனில் கீழே 153 மைல், டிராய் அணைவரை, கடலின் ஏற்றவற்றம் நடக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். இதனால் போட்ட அழுக்கு கடலுக்குப் போய்ச் சேராமல் மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டிருக்கும். மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியிலிருந்து மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கோடி காலன் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் விழுந்தது. அதற்கான சுத்திகரிப்பு நிலையம் 1986-இல்தான் வேலை தொடங்கியது.

அறிவியல் எழுத்தாளர் ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகள் பற்றி எழுதிய தொடர் 1962-இல் வெளிவந்தது சீகரை உலுக்கியது. 1966-இல் வெளிவந்த 'காட் பிளஸ் த கிராஸ்' தொகுப்பு முழுக்கவே சுற்றுச்சூழல் பாட்டுகள். அதில் 'மை டர்ட்டி ஸ்ட்ரீம்' ஹட்சனைப் பற்றி அவர் எழுதியது. அந்தப் பாட்டு ஆறு அழுக்காக இருக்கிறது என்று புலம்பி நிற்பதில்லை. மேலேயுள்ள காகித ஆலையையும் நகராட்சிக் கழிவையும் வரிசையாகப் பேர் சொல்கிறது. எங்கிருந்து, எது, யார் என்று சொன்னால்தான் கேட்பவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும். சுற்றுச்சூழல் பாட்டு எழுத நினைப்பவர்கள் அவரிடம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

கப்பல் யோசனை ஒரு பழைய நூலிலிருந்து வந்தது. 1908-இல் வெளியான, ஹட்சனின் ஸ்லூப் கப்பல்களைப் பற்றிய நூல் அது. நண்பர் ஒருவர் கொடுத்துப் படித்தார். ஸ்லூப் என்பது ஒற்றைப் பாய்மரம் கொண்ட சரக்குக் கப்பல், 19-ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கில் அந்த ஆற்றில் ஓடியது. ஆற்றுக்கு ஏற்ப உருவான வடிவம். இருபுறமும் மலை மறைக்கும் இடங்களில் கீழே காற்று இருக்காது, அதனால் பாய்மரம் மிக உயரம். கரையோரம் சேறும் மேடும் அதிகம், அதனால் அடிப்பகுதி தட்டை. தட்டையான கப்பல் காற்றில் பக்கவாட்டில் நழுவும் என்பதால், வேண்டும்போது இறக்கி வேண்டாதபோது தூக்கிக்கொள்ள நடுவில் ஒரு பலகை. நீரோட்டம் எதிர்த்தால் நங்கூரம் போட்டுக் காத்திருப்பார்கள், திரும்பியதும் கிளம்புவார்கள்.

1966-இல் ஹட்சன் ஸ்லூப் மீட்பு அமைப்பு பதிவானது. சைரஸ் ஹாம்லின் வரைபடம் போட்டார். மெய்ன் மாநிலம் சவுத் பிரிஸ்டலில் ஹார்வி கமாஜின் கப்பல் பட்டறையில் 1968 இலையுதிர் காலத்தில் அடிமரம் வைத்து, 1969 மே 17 அன்று நீரில் இறக்கினார்கள். பெயர் 'கிளியர்வாட்டர்', தெளிந்த நீர். மொத்த நீளம் 106 அடி, பாய்மரம் 108 அடி, பாய்களின் பரப்பு 4,000 சதுர அடிக்கு மேல். பணம் பெரும்பாலும் சின்னச் சின்னக் கச்சேரிகளில் வசூலானது. கப்பலை நியூயார்க்குக்குக் கொண்டுவந்த முதல் பயணத்திலேயே மாலுமிகள் பாடகர்களாக இருந்தார்கள். டான் மக்லீன், ராம்ளிங் ஜாக் எலியட், பாதிரியார் ஃபிரெடரிக் டக்ளஸ் கிர்க்பாட்ரிக் எல்லாம் அதில் உண்டு. துறைமுகம் துறைமுகமாக நிறுத்திப் பாடி, மிச்சமிருந்த கடனுக்குப் பணம் திரட்டினார்கள்.

எல்லோரும் வரவேற்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆற்றங்கரை ஊர்களில் பலருக்குச் சீகர் என்றால் கம்யூனிஸ்ட். பீக்கனிலேயே அவர் பள்ளிக் கச்சேரியை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடந்தது. இன்னொரு பக்கம் கறுப்பினப் போராளிகள் சிலர், ஏழைகளுக்குச் சோறில்லாதபோது பாய்மரக் கப்பல் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சுற்றுலாப் படகாக ஓட்டியிருந்தால் அதற்குப் பதில் இருந்திருக்காது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஆற்றுக்கு நடுவே வகுப்பு நடத்தியதுதான் பதிலானது. இன்றுவரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் ஏறியிருக்கிறார்கள்.

அந்த வகுப்பை அருகில் போய்ப் பார்க்கலாம். கப்பல் துறையை விட்டு நகர்ந்ததும் முதல் வேலை பெரிய பாயை ஏற்றுவது. பாயும் அதைத் தாங்கும் மரமும் சேர்ந்து ஒரு டன்னுக்கு மேல். பாயின் மேல் விளிம்பு ஒரு நீண்ட கட்டையில் கட்டப்பட்டிருக்கும். நம் கடற்கரையில் பருமல் என்பார்களே, அதற்கு உறவு. ஆனால் இதன் ஒரு முனை பாய்மரத்தைக் கவ்வியிருக்கும். இதை ஏற்ற இரண்டு கயிறுகள்: ஒன்று மரத்தை ஒட்டிய முனைக்கு, இன்னொன்று வெளிமுனைக்கு. பிள்ளைகள் இரண்டு வரிசையாகத் தளத்தின் இருபுறமும் நின்று ஆளுக்கொரு கயிற்றைப் பிடிப்பார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் ஏற வேண்டும். வெளிமுனை முந்தினால் கட்டை செங்குத்தாகச் சாய்ந்து, கவ்விய முனை மரத்தில் இறுகிச் சிக்கிக்கொள்ளும். பிறகு எத்தனை பேர் இழுத்தாலும் நகராது, இறக்கிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். உள்முனை முந்தினால் வெளிமுனை தொங்கி, பாய் பை போல ஆகிவிடும். இரண்டு வரிசையையும் ஒன்றாக்குவது பாட்டு. மாலுமி ஒருவர் வரியை எடுத்துக்கொடுக்க, பிள்ளைகள் பதில் வரியின் அழுத்தத்தில் இழுக்கிறார்கள். அழுத்தம் விழாத இடத்தில் கை மாற்றிப் பிடிக்கிறார்கள். கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொள்ளக்கூடாது என்பது முதல் எச்சரிக்கை. பாய் திடீரென்று காற்றைப் பிடித்தால் சுற்றிய கை கயிற்றோடு போய்விடும்.

பாய் ஏறியதும் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழு சிறிய இழுவலையைப் போடும். வலையின் வாயில் இருபுறமும் ஒவ்வொரு பலகை. கப்பல் நகரும்போது நீர் அழுத்தத்தில் பலகைகள் விலகி வலையின் வாயைத் திறந்து வைக்கும். வேகம் குறைந்தால் பலகைகள் சேர்ந்து வாய் மூடிவிடும், வெறும் வலைதான் மேலே வரும். சிக்கியதைத் தொட்டியில் விட்டு, எண்ணி, பெயர் சொல்லி, திரும்ப ஆற்றிலேயே விடுவார்கள். வெள்ளைப் பெர்ச், வரிப் பாஸ், விலாங்கு, உள்ளங்கையளவு தட்டை மீன்கள் வரும். இன்னொரு குழு நீரின் உப்பையும் கரைந்த ஆக்சிஜனையும் அளக்கும். இன்னொன்று நுண்ணுயிரிகளை உருப்பெருக்கியில் பார்க்கும். மற்றொரு குழு சுக்கான் பிடிக்கும். 106 அடிக் கப்பலைப் பத்து வயதுப் பிள்ளை திருப்புகிறது. பக்கத்தில் கப்பல் தலைவர் நிற்பார், கை வைக்க மாட்டார்.

1970-இல் இந்தக் கப்பல் வாஷிங்டன்வரை போனது. தூய நீர்ச் சட்டத்துக்காக நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பாடி, பேசி, மனுக் கொடுத்தார்கள். 1972 அக்டோபரில் அதிபர் நிக்ஸனின் தடையை மீறி அந்தச் சட்டம் நிறைவேறியது. அது ஒரு கப்பலால் மட்டும் வந்ததில்லை. ஹட்சன் மீனவர் சங்கமும், ஸ்டார்ம் கிங் மலையை மின்நிலையத்திடமிருந்து காக்க வழக்காடிய 'சீனிக் ஹட்சன்' அமைப்பும் அந்த ஆற்றில் ஏற்கெனவே சண்டையில் இருந்தன. வழக்கு போடுகிறவர்களுக்கும் ஆற்றைப் பார்த்தேயிராத மக்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியை நிரப்பியது கப்பல்.

கழிவுநீரைச் சுத்திகரிக்கலாம், சில ஆண்டுகளில் பலன் தெரியும். பிசிபி என்ற தொழிற்சாலை நஞ்சு அப்படியில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் ஊர்களிலிருந்த மின்தேக்கித் தொழிற்சாலைகளிலிருந்து 1947 முதல் 1977 வரை 13 லட்சம் பவுண்டுவரை பிசிபியை ஆற்றில் விட்டிருக்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. இந்தக் குளோரின் சேர்மம் எரியாது, மின்சாரம் கடத்தாது, எளிதில் சிதையாது. தொழிற்சாலைக்கு வரமான அதே குணம் ஆற்றுக்குச் சாபம். நீரில் கிட்டத்தட்டக் கரையாது. வண்டலில் ஒட்டும், கொழுப்பில் சேரும். புழுவிலிருந்து சிறு மீனுக்கு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு என்று படிக்குப் படி செறிவு ஏறும். 1973-இல் ஃபோர்ட் எட்வர்டிலிருந்த பழைய அணையை எடுத்தபோது, அதன் பின்னால் படிந்திருந்த நஞ்சு வண்டல் கீழே இறங்கிப் பரவியது. நல்லெண்ணத்தில் செய்த வேலை நிலைமையை மோசமாக்கியது. அணையை எடுக்கும்முன் அடியில் படிந்தது என்ன என்று தோண்டிப் பார்க்கவேண்டும் என்பதை இந்த ஆறு விலைகொடுத்துக் கற்றது.

1976-இல் மேல் ஹட்சனில் மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது, கீழே வரிப் பாஸ் வணிகமும் நின்றது. தலைமுறையாக வலை வீசியவர்கள் தொழில் இழந்தார்கள். 1984-இல் ஆற்றின் 200 மைல் நீளம் நச்சுத் தளப் பட்டியலில் சேர்ந்தது. தூர்வாரினால் நஞ்சு கிளம்பும், மண் மூடித் தானாக அடங்கிவிடும் என்பது நிறுவனத்தின் வாதம். வெள்ளமும் நீரோட்டமும் வண்டலைத் தினமும் கிளறுகின்றன, அடங்காது என்பது எதிர்வாதம். கப்பலை நடத்தும் கிளியர்வாட்டர் அமைப்பு தூர்வாருவதற்காக ஆண்டுக்கணக்கில் நின்றது. 2002-இல் முடிவாகி, 2009-இல் தொடங்கி, 2015-இல் முடிந்தது. 40 மைல் பகுதியிலிருந்து 27.5 லட்சம் கனகெஜம் வண்டலும் அதோடு ஏறத்தாழ 3,10,000 பவுண்டு பிசிபியும் வெளியே வந்தன. மீன்பிடித் தடைக்கும் முதல் தூர்வாரலுக்கும் நடுவே 33 ஆண்டுகள். இன்றும் ஹட்சன் ஃபால்ஸுக்கும் டிராய் அணைக்கும் இடையே பிடிக்கும் மீனைத் திரும்ப விடவேண்டும், உண்ணக்கூடாது. கீழே பிடிக்கும் மீனுக்கும் உண்பவரின் வயதுவாரியாக, மீன் வகைவாரியாகக் கட்டுப்பாடு உண்டு. பிசிபி கொழுப்பில் இருப்பதால் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கி, சுட்டு, வடியும் நெய்யைக் கொட்டிவிடச் சொல்கிறார்கள். குழம்பு வைத்தால் அத்தனையும் குழம்புக்குள்ளேயே தங்கும்.

டாம்காட் என்ற சின்ன மீனில் நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. 2011-இல் வெளியான ஆய்வில், ஹட்சன் டாம்காட்டின் ஒரு மரபணுவில் ஆறு எழுத்துகள் விடுபட்டிருப்பது தெரிந்தது. அதனால் பிசிபி அதன் செல்லில் எளிதில் பற்றிக்கொள்ள முடிவதில்லை. சில பத்தாண்டுகளுக்குள் மீன் நஞ்சுக்குப் பழகிவிட்டது. பழகிய மீன் சாகாமல் அதிக நஞ்சைச் சுமக்கிறது, அதைத் தின்னும் மீனுக்குக் கைமாற்றுகிறது. நல்ல செய்தியும் உண்டு. 1997-இல் ஹட்சன் கரையில் நூறாண்டுக்குப்பின் வெண்தலைக் கழுகு குஞ்சு பொரித்தது.

ஆறு சுத்தமாவது மரக் கப்பலுக்கு ஒருவகையில் சோதனைதான். மரத்தைத் துளைக்கும் கடற்புழு அழுக்கு நீரில் வாழாது. நியூயார்க் துறைமுகத்தில் நீர் தெளிந்ததும் அவை திரும்பி வந்து பழைய துறைக் கம்பங்களைத் தின்னத் தொடங்கின. ஹட்சனின் மேற்பகுதியில் உப்பு குறைவு என்பதால் புழு எட்டாது. ஆனால் மழைநீரும் நன்னீரும் தேங்கும் இடத்தில் மரம் உளுக்கும். உப்பு மரத்தைக் காக்கும், நன்னீர் அழுகவைக்கும். எனவே ஒவ்வொரு குளிர்காலமும் கிளியர்வாட்டரில் பலகை பிரித்து, உளுத்த சட்டம் மாற்றி, இடுக்குகளில் பஞ்சும் தார் ஊறிய சணலும் அடைக்கும் வேலை நடக்கிறது. கப்பல் கட்டுவதற்கு ஒருமுறை பணம் திரட்டினால் போதும், வைத்துக் காப்பாற்ற ஆண்டுதோறும் திரட்ட வேண்டும். நற்பணிக்காகப் பெரிய பொருளை வாங்கும் அமைப்புகள் பெரும்பாலும் இங்கேதான் முழங்கால் மடிகின்றன.

அந்த ஆண்டுப் பணத்துக்கு வழி செய்தவர் டோஷி. குரோட்டன் பாயின்ட் பூங்காவில் நடந்த ஆற்றுத் திருவிழாவைத் திட்டமிட்டு நடத்தியது அவர்தான். சமையல், கழிவறை, குப்பைப் பிரிப்பு, காது கேளாதோருக்குச் சைகை மொழி என்று எல்லாவற்றையும் கணக்கில் வைத்தார். சீகரின் பேர் தெரிந்த பலருக்கு டோஷியின் பேர் தெரியாது. அது வருத்தம். அவர் இல்லாமல் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

பாட்டுப் பணத்தைச் சீகர் கையாண்ட விதத்தையும் சொல்ல வேண்டும், தவறியது உட்பட. 'வீ ஷல் ஓவர்கம்' 1960-களில் நான்கு பேர் பெயரில் பதிவானது. உரிமைத்தொகை முழுவதும் டென்னசியிலுள்ள ஹைலேண்டர் மையத்தின் நிதிக்குப் போய், தென்மாநிலக் கறுப்பின மக்களின் பணிகளுக்குச் செலவானது. 2018-இல் நீதிமன்ற உடன்பாட்டில் பாட்டு பொதுவுடைமையானது. 'வேர் ஹாவ் ஆல் த ஃபிளவர்ஸ் கான்' பாட்டை 1955-இல் மூன்று சரணங்களாக எழுதினார், ரஷ்ய எழுத்தாளர் ஷோலகவின் நாவலில் வரும் கோசாக்குப் பாட்டு வரிகள் அதற்குத் தூண்டுதல். பாடகர் ஜோ ஹிக்கர்சன் மேலும் இரண்டு சரணம் சேர்த்துப் பாட்டை வட்டமாக முடித்தார். சீகர் அவருக்கு வருமானத்தில் 20 சதவீதம் எழுதிக்கொடுத்தார்.

'விமோவே' பாட்டில்தான் பிழை நடந்தது. அது தென்னாப்பிரிக்கரான சாலமன் லிண்டா 1939-இல் பதிவுசெய்த 'ம்பூபே'. வீவர்ஸ் பாடிப் பிரபலமாக்கியபோது பதிப்பகம் அதைப் பழைய நாட்டார் பாட்டு என்பதுபோல் கற்பனைப் பெயரில் பதிந்தது. சீகர் லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பி, தன் பங்கையும் அவருக்கே அனுப்பச் சொன்னார். அனுப்பப்படுகிறதா என்று தொடர்ந்து பார்க்கவில்லை. லிண்டா 1962-இல் வறுமையில் இறந்தார், குடும்பத்துக்கு உடன்பாடு வந்தது 2006-இல். கைகழுவாமல் இந்தத் தவற்றைச் சீகர் பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நாட்டார் பாட்டை எடுத்தாளும்போது அது பிறந்த மக்களுக்கு ஒரு பங்கு போக வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வேண்டும், பணம் சேர்ந்ததா என்று ஆண்டுக்கொருமுறை சரிபார்க்க வேண்டும். இசைக்கலைஞர்கள் நன்கொடை அறிவிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

2013 ஜூலையில் டோஷி இறந்தார். இரண்டு மாதம் கழித்து விவசாயிகளுக்கான நிதிக் கச்சேரியில் 94 வயதுச் சீகர் பாஞ்சோவோடு ஏறி, நாட்டார் பாடகர் வுடி கத்ரியின் பழைய பாட்டில் பாறை பிளந்து வாயு எடுப்பதற்கு எதிராகப் புதுச் சரணம் ஒன்றைச் சேர்த்துப் பாடினார். குரல் கிட்டத்தட்டப் போய்விட்டது. வரியை எடுத்துக்கொடுத்தார், கூட்டம் பாடியது. 2014 ஜனவரி 27 அன்று இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநிலம் பாறை பிளக்கும் அந்த முறையைத் தடை செய்வதாக அறிவித்தது.

பீக்கன் கரையில் அவர் யோசனையில் 2007-இல் தொடங்கிய ஒரு மிதவைக் குளம் இருக்கிறது. வட்டமாக மிதக்கும் வண்ண இருக்கைகள், நடுவே அடியில் வலை. சுவரும் குழாயும் குளோரினும் கிடையாது. ஆற்று நீர் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் போகிறது. நீரோட்டம் பிள்ளைகளை இழுத்துச் செல்லாமல் வலை பிடித்துக்கொள்கிறது. கோடையில் பிள்ளைகள் அதில் குளிக்கிறார்கள், ஹட்சனிலேயே.